தோற்றவரும் ஒப்புக்கொள்ளும் தீர்ப்பு

கல்கத்தாவுக்கு வேலை தேடி வந்த என் தலைமுறைத் தமிழர்களில் பெரும்பாலோர் டைப்பும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு வந்தவர்கள். லேக் மார்க்கெட் பக்கம் தங்கி, டிராம் பிடித்து டல்ஹௌசி சதுக்கத்துக்குப் போய், ஏதாவது ஒரு கம்பெனியில் அடுத்தவர் சொல்வதை எழுதிக்கொண்டிருந்தோம். எனக்கு வாய்த்தது ஒப்பந்தப் பிரிவு. கம்பெனிக்கும் காண்ட்ராக்டருக்கும் தகராறு வந்து ஆர்பிட்ரேஷன் நடக்கும்போதெல்லாம் நோட்டும் பென்சிலுமாக நானும் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பேன். சுருக்கெழுத்துக்காரனை யாரும் கவனிக்கமாட்டார்கள். அவனோ எல்லோரையும் கவனிப்பான். அப்படி வாழ்நாளில் பாதிக்கு மேல் கவனித்ததில் ஒன்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. ஒரு தீர்ப்பு நியாயமானதா என்று ஜெயித்தவரிடம் விசாரித்துப் பயனில்லை. தோற்றவரைக் கேட்க வேண்டும். "பணம் போச்சு, ஆனால் என் பேச்சை முழுசாகக் கேட்டார்கள்" என்று அவரால் சொல்ல முடிந்தால், அங்கே நியாயம் நடந்திருக்கிறது.

ஆர்பிட்ரேஷன் என்பது என்னவென்று காமர்ஸ் படித்த பிள்ளைகளுக்கே இப்போது சரியாகத் தெரிவதில்லை. ஒப்பந்தம் போடும்போதே, "பின்னால் தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போக வேண்டாம், நடுவரை வைத்துத் தீர்த்துக்கொள்வோம்" என்று இரு தரப்பும் எழுதிவைப்பதுதான் அது. நடுவர் எழுதும் தீர்ப்பு கோர்ட் டிகிரி போலவே செல்லும். அதன் மேல் வழக்கமான அப்பீல் கிடையாது. சாட்சியத்தை நடுவர் சரியாக எடைபோடவில்லை என்பதற்காக நீதிமன்றம் மறுபடி விசாரிக்காது; நடைமுறையிலோ சட்டத்திலோ பெரிய கோளாறு இருந்தால்தான் தீர்ப்பை ரத்து செய்யும். ஆகவே நடுவர் யார், அவரை நியமித்தவர் யார் என்பது முதலிலேயே சரியாக இருக்க வேண்டும்.

இந்த ஊருக்கு இது புதிதல்ல. கணக்குத் தகராறுகளை நடுவர்களிடம் விடலாம் என்பது 1772ஆம் ஆண்டு வங்காள ஒழுங்குமுறையிலேயே இருக்கிறது. 1899இல் வந்த முதல் ஆர்பிட்ரேஷன் சட்டம் கல்கத்தா, பம்பாய், சென்னை என்ற மூன்று மாநகரங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. 1853இல் தொடங்கிய பெங்கால் சேம்பர் ஆஃப் காமர்ஸ் தனக்கென்றே ஒரு நடுவர் மன்றத்தை வைத்திருந்தது. சணல் வியாபாரத்தில் தகராறு வந்தால், சணலிலேயே வளர்ந்த இரண்டு பேர் வந்து கட்டைப் பிரிப்பார்கள். நாரை விரலால் உருவிப் பார்ப்பார்கள், ஈரம் எவ்வளவு என்று தொட்டுப் பார்ப்பார்கள், மோந்தும் பார்ப்பார்கள். ரகம் இதுதான், விலையில் இவ்வளவு கழியும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தங்கள் கடையைப் பார்க்கப் போவார்கள். வாங்கியவருக்கும் விற்றவருக்கும் அவர்களைத் தெரியும். இன்று நடுவராக உட்கார்ந்தவர் நாளை அதே மன்றத்தின் முன் கட்சிக்காரராக நிற்க நேரிடும். அந்தப் பயம் எல்லோரையும் நேர்மையாக வைத்திருந்தது. முதியவர்கள் பழையதைப் புகழ்வதாக நினைக்காதீர்கள். சரிநிகரான இருவர் இருந்ததால்தான் அது நடந்தது.

சரிநிகர் இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதையும் பார்த்தேன். பெரிய நிறுவனம், சின்ன காண்ட்ராக்டர். டெண்டர் புத்தகத்தின் கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு ஷரத்து இருக்கும்: தகராறு வந்தால் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளரோ அவர் நியமிப்பவரோதான் நடுவர், எதிர்த்தரப்பு அதை ஆட்சேபிக்கக் கூடாது. ஹௌராவிலிருந்து வந்த ஒரு காண்ட்ராக்டரின் வழக்கு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஃபவுண்டரி வைத்திருந்தவர். செய்த வேலையின் அளவு பற்றித் தகராறு. மெஷர்மென்ட் புத்தகத்தில் பென்சிலால் எழுதி, பிறகு மையால் திருத்திய பக்கம் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். நடுவராக அமர்ந்தவர் அந்த நிறுவனத்தின் மூத்த பொறியாளர், தங்கமான மனிதர். அந்தப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, திருத்தலுக்கு அடியில் இருந்த எண்ணைத் தாமே படித்துச் சொன்னார். இடைவேளையில் நிறுவன அதிகாரிகளோடு உள்ளறையில் டீ குடித்தார். பழக்கப்பட்டவர்கள், பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்வார்கள். காண்ட்ராக்டர் தாழ்வாரத்தில் நின்றார்.

கேட்ட பணத்தில் பெரும்பகுதி அவருக்குக் கிடைத்தது. தீர்ப்பைப் படித்துக் காட்டியதும் அவர் என்னிடம், "தாதா, வேறு ஆள் உட்கார்ந்திருந்தால் முழுசும் கிடைத்திருக்கும்" என்றார். அவர் சொன்னது சரியல்ல என்று எனக்குத் தெரியும். விட்டுப்போன தொகைக்கு அவரிடம் ஆதாரமே இல்லை. ஆனால் அவரை எப்படி நம்பவைப்பது? எதிர்த்தரப்பின் சம்பளம் வாங்குகிறவர் எவ்வளவு நேர்மையாகத் தீர்ப்பெழுதினாலும் அந்த நேர்மை எதிரில் நிற்பவருக்குப் போய்ச் சேராது. நல்லவரின் பேரும் அதில் கெடுகிறது. இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். "நாங்கள் நியாயமாகத்தானே நடந்துகொள்கிறோம்" என்பதே எப்போதும் பதிலாக வந்தது.

சட்டம் இதைச் சரிசெய்ய வெகுகாலம் எடுத்துக்கொண்டது. 1940ஆம் ஆண்டுச் சட்டம் போய் 1996ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகும் இந்த ஷரத்துகள் தொடர்ந்தன. 2015இல் செய்த திருத்தத்தில்தான் ஏழாவது அட்டவணை வந்தது. தரப்பினரின் ஊழியர், ஆலோசகர், வக்கீல், அந்த வழக்கில் பண ஆதாயம் உள்ளவர் என்று பத்தொன்பது வகை உறவுகளைப் பட்டியலிட்டு, இவற்றில் எது இருந்தாலும் நடுவராக அமரத் தகுதி இல்லை என்றது. பிறகு நிறுவனங்கள் ஒரு வழி கண்டுபிடித்தன: நிர்வாக இயக்குநர் தாம் உட்காராமல், தமக்குப் பிடித்தவரை நியமிப்பது. 2017இல் டிஆர்எஃப் வழக்கில், தாமே அமரத் தகுதியில்லாதவர் தமக்குப் பதில் இன்னொருவரையும் நியமிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2019இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில், வழக்கின் முடிவில் அக்கறை உள்ள தரப்பு தனியாக ஒரே நடுவரை நியமிக்கவே கூடாது என்றது. அதே ஆண்டில் ரயில்வே சம்பந்தப்பட்ட வேறொரு வழக்கில், ரயில்வேயின் ஓய்வு பெற்ற அதிகாரிகள் பட்டியலிலிருந்து காண்ட்ராக்டர் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற ஏற்பாட்டை அனுமதித்தது. இந்த முரண்பாட்டை ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 8 அன்று தீர்த்துவைத்தது. பொதுத்துறை நிறுவனங்கள் நடுவர் பட்டியல் வைத்துக்கொள்ளலாம், அதிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று எதிர்த்தரப்பைக் கட்டாயப்படுத்த முடியாது; ஒரு தரப்பு மட்டும் நடுவரை நியமிப்பது அரசியல் சாசனத்தின் 14ஆம் பிரிவு சொல்லும் சமத்துவத்துக்கு விரோதம். ஹௌராக்காரர் தாழ்வாரத்தில் நின்று உணர்ந்ததைத்தான் உச்ச நீதிமன்றம் தீர்ப்பாக எழுதியது என்று படித்தபோது தோன்றியது.

ஆட்சேபணை என்றால் உடனே செய்ய வேண்டும். இதை இளைஞர்கள் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். நடுவரின் நடுநிலையில் சந்தேகம் வந்தால், விவரம் தெரிந்த 15 நாட்களுக்குள் எழுத்தில் சொல்லச் சொல்கிறது சட்டம். முதலில் அந்த நடுவர் மன்றமே அதை விசாரிக்கும். தள்ளுபடி செய்துவிட்டால் வழக்கு தொடரும்; இறுதித் தீர்ப்பு வந்த பிறகுதான் நீதிமன்றத்தில் அதைக் கிளப்பலாம். தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால், ஆட்சேபிக்கும் உரிமையை விட்டுக்கொடுத்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஏழாவது அட்டவணையில் வரும் உறவு மட்டும் விதிவிலக்கு. அதில் மௌனம் சம்மதமாகாது. தகராறு எழுந்த பின் இருவரும் எழுத்தில் ஒப்புக்கொண்டால்தான் அப்படிப்பட்டவர் நடுவராகத் தொடர முடியும்.

இரண்டு வகை ஆட்களை அந்த அறைகளில் பார்த்திருக்கிறேன். ஒரு வகை, "பெரியவராயிற்றே, எப்படிக் கேட்பது" என்று கூச்சப்பட்டு, தீர்ப்பு வந்த பிறகு வீட்டில் உட்கார்ந்து புலம்புகிறவர்கள். நம் பிள்ளைகளில் இவர்கள் அதிகம்; பெரியவர்கள் முன்னால் பேசாமல் இருப்பதே மரியாதை என்று வளர்த்துவிட்டோம். இன்னொரு வகை, சந்தேகத்தை ரகசியமாகப் பையில் வைத்துக்கொண்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் எடுத்து வீசுகிறவர்கள். இவர்களால்தான் உண்மையான ஆட்சேபணைக்கும் மதிப்புக் குறைகிறது. கேட்க வேண்டியதை முதல் சிட்டிங்கிலேயே, எதிர்த்தரப்பின் முன்னிலையில், குரலை உயர்த்தாமல் கேளுங்கள். நல்ல நடுவர் அதற்காக ஒருபோதும் கோபிக்கமாட்டார்.

கேட்கும்வரை காத்திராமல் நடுவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது அதைவிட மேல். அப்படிச் சொல்ல வேண்டியவற்றுக்கு வழிகாட்டச் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையில் 34 விஷயங்கள் இருக்கின்றன. கடந்த மூன்று ஆண்டுகளில் ஒரே தரப்பால் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட முறை நடுவராக நியமிக்கப்பட்டிருந்தால் அதுவும் அதில் ஒன்று. மெக்ஸிகோ வளைகுடா எண்ணெய்க் கசிவையொட்டி எழுந்த ஹாலிபர்ட்டன் வழக்கில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் 2020இல் இதைத்தான் பேசியது. அந்த வழக்கின் ஒரு தரப்பே அதே நிகழ்ச்சி பற்றிய இன்னொரு வழக்கில் தம்மை நியமித்ததை நடுவர் சொல்லியிருக்க வேண்டும் என்றது. அந்த வழக்கின் சூழலில் அவரைப் பாரபட்சமானவர் என்று மட்டும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது தப்பு, ஆனால் அதனால் நேர்மை குறைந்தது என்று அர்த்தமில்லை என்று இரண்டையும் பிரித்துப் பார்த்த அந்த நிதானம் எனக்குப் பிடித்திருந்தது.

இனி கொல்கத்தாவை உலகம் முழுக்கப் பேச வைத்த வழக்குக்கு வருகிறேன். இந்த ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட கோல் இந்தியா, ஒயிட் இண்டஸ்ட்ரீஸ் என்ற ஆஸ்திரேலிய கம்பெனியோடு 1989 செப்டம்பரில் ஒப்பந்தம் போட்டது. அன்றைய பீகாரில், இன்றைய ஜார்க்கண்டில் உள்ள பிப்பர்வார் நிலக்கரிச் சுரங்கத்தை உருவாக்கும் வேலை. போனஸ், அபராதம் பற்றித் தகராறு எழுந்தது. சர்வதேச வர்த்தக சபையின் நடுவர் மன்றம் 2002 மே மாதம் ஒயிட்டுக்குச் சாதகமாக, 40 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்குச் சற்று அதிகமான தொகைக்குத் தீர்ப்பளித்தது. இங்கேதான் கதை ஆரம்பிக்கிறது. தீர்ப்பை ரத்து செய்யக் கோரி கோல் இந்தியா கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அமல்படுத்தக் கோரி ஒயிட் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வெளிநாட்டில் எழுதிய தீர்ப்பை இங்கே ரத்து செய்யலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம்வரை போய் அங்கே தங்கிவிட்டது. எட்டு வருஷம் பொறுத்துப் பார்த்த ஒயிட், இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் செய்துகொண்டிருந்த முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் கீழ் 2010இல் இந்திய அரசின் மேலேயே சர்வதேச வழக்குப் போட்டது.

2011 நவம்பர் 30 அன்று தீர்ப்பு வந்தது. இந்திய நீதிமன்றங்கள் நீதியை மறுத்துவிட்டன என்று அந்த மன்றம் சொல்லவில்லை. இந்திய நீதிமன்றங்களின் சுமையை ஒப்புக்கொண்டது. ஆனால் உரிமையை நிலைநாட்டப் பயனுள்ள வழி தரப்படவில்லை என்றது. "பயனுள்ள வழி" என்ற அந்த வாக்குறுதி ஆஸ்திரேலிய ஒப்பந்தத்தில் இல்லை. குவைத்தோடு இந்தியா செய்திருந்த ஒப்பந்தத்தில் இருந்தது. மற்ற நாட்டாருக்குத் தருவதை உங்களுக்கும் தருவோம் என்ற ஷரத்தின் வழியாக அது உள்ளே வந்தது. இந்தியா அசலையும், 1998 மார்ச் முதல் 8 சதவீத வட்டியையும் கொடுக்க வேண்டியதாயிற்று. தீர்ப்பு நாளிலேயே வட்டி அசலைத் தாண்டியிருந்தது. பின்னால் இந்தியா தன் முதலீட்டு ஒப்பந்தங்களில் பெரும்பாலானவற்றை முறித்துக்கொண்டு, உள்ளூர் நீதிமன்றங்களை ஐந்து ஆண்டுகளாவது நாடிப் பார்த்த பிறகே வெளியே போகலாம் என்று புது மாதிரி எழுதியதற்கு இந்த வழக்கு ஒரு முக்கியக் காரணம்.

வெளிநாட்டு மன்றங்கள் எப்போதும் நமக்கு எதிரி என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. ஹால்டியா துறைமுக விவகாரத்தில் லூயி டிரேஃபஸ் என்ற பிரெஞ்சு கம்பெனி இந்தியாமேல் தொடுத்த வழக்கு 2018இல் தள்ளுபடியானது. ஒயிட் வழக்கில் நாம் தோற்றது நம் தாமதத்தால். நம் பக்கத் தவறை நம்மூரிலேயே ஒப்புக்கொள்ளும் தைரியம் வேண்டும்.

அந்தத் தாமதம் எங்கிருந்து வருகிறது என்று உள்ளே இருந்தவனாகச் சொல்கிறேன். சாயங்காலம் ஹைகோர்ட் கலைந்த பிறகுதான் ஓல்டு போஸ்ட் ஆபீஸ் தெரு சேம்பர்களில் எங்கள் சிட்டிங் தொடங்கும். வக்கீல்கள் பகல் முழுக்கப் பேசிக் களைத்து வருவார்கள். டீ வரும், சிங்காரா வரும். ஆவணக் கட்டைத் திறந்து, போன தடவை விட்ட பக்கத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் பாதி நேரம் போய்விடும். கடைசியில் எல்லோரும் டைரியை எடுப்பார்கள். இவருக்குச் சரியான தேதி அவருக்கு ஆகாது. ஒன்றரை மாதம் தள்ளி ஒரு தேதியை மினிட்ஸில் நான் எழுதுவேன். கட்டணமோ சிட்டிங் கணக்கில். இப்போது சட்டம் மாறியிருக்கிறது. உள்நாட்டு வழக்கில் மனுவும் பதில் மனுவும் முடிந்த 12 மாதத்துக்குள் தீர்ப்பு வர வேண்டும். இருவரும் சம்மதித்தால் இன்னும் ஆறு மாதம். அதற்கு மேல் நீதிமன்றத்தின் அனுமதி. நடுவர்கள் கட்டணத்தைத் தாமே நிர்ணயித்துக்கொள்ள முடியாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காலம் தாழ்ந்தால் என்ன விலை என்பதற்கு இந்த மாநிலத்திலேயே கணக்கு இருக்கிறது. சிங்கூர் கார் தொழிற்சாலை வழக்கில் 2023 அக்டோபர் 30 அன்று டாட்டா மோட்டார்ஸுக்கு நடுவர் மன்றம் விதித்தது 765.78 கோடி ரூபாய், அதோடு 2016 செப்டம்பர் 1 முதல் 11 சதவீத வட்டி. யார் பக்கம் நியாயம் என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. தனிவட்டியாகப் பார்த்தாலே ஆண்டுக்குச் சுமார் 84 கோடி.

வேகம் வேண்டும் என்பதற்காக யோசிக்காமல் எழுதிவிடவும் கூடாது. நம் நாட்டுச் சரக்கு ரயில் பாதைத் திட்டம் ஒன்றின் தகராறு, சிங்கப்பூரை இடமாகக் கொண்ட நடுவர் மன்றத்தின் முன் நடந்தது. தீர்ப்பின் 451 பத்திகளில் குறைந்தது 212 பத்திகள், அதே தலைமை நடுவர் இருந்த வேறு வழக்குகளின் தீர்ப்பிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டப்பட்டவை. அந்த வழக்குகளில் பேசப்பட்ட வாதங்களும் ஒப்பந்த ஷரத்துகளும்கூட இதில் நுழைந்திருந்தன. கீழ் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்ததை 2025 ஏப்ரலில் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது. அறைக்குள் பேசியதைக் கேட்காமல் வெளியே எழுதியதைக் கொண்டுவந்து தீர்ப்பாக வைத்தால், தோற்றவர் எதை ஒப்புக்கொள்வார்? நைஜீரிய அரசுக்கு எதிராக ஒரு கம்பெனி வாங்கிய, வட்டியோடு 1,100 கோடி டாலரைத் தாண்டிய தீர்ப்பை லண்டன் நீதிமன்றம் 2023இல் மோசடி என்று கண்டறிந்தது அதைவிடப் பயங்கரம்: லஞ்சம், பொய்ச் சாட்சியம், எதிர்த்தரப்பின் ரகசிய ஆவணங்களை முறைகேடாக வைத்திருந்தது. மூன்று புகழ்பெற்ற நடுவர்கள் உட்கார்ந்திருந்தும் யாருக்கும் தெரியவில்லை.

திருப்பூரிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யும் பிள்ளைகள், ஆர்டர் கிடைத்த சந்தோஷத்தில், ஆர்பிட்ரேஷன் நடக்கும் இடம் லண்டன் என்றோ சிங்கப்பூர் என்றோ எழுதியிருப்பதைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். பத்து லட்ச ரூபாய் பாக்கிக்கு அங்கே போய் வழக்காட முடியுமா? எங்கே நடக்கும், எந்த நாட்டுச் சட்டம், எத்தனை நடுவர், செலவு யாருடையது என்று கையெழுத்துக்கு முன் கேளுங்கள். பெரும்பாலான இடங்களில், கேட்டால் மாற்றித் தருவார்கள்.

கடைசியாக, அரசு நிறுவனங்களில் வேலைக்குச் சேர்ந்திருக்கும், இனிச் சேரப்போகும் பிள்ளைகளுக்கு. 2024 ஜூனில் மத்திய நிதி அமைச்சகம், 10 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தகராறுகளுக்கு அரசு ஒப்பந்தங்களில் ஆர்பிட்ரேஷனை வழக்கமாகச் சேர்க்க வேண்டாம் என்று வழிகாட்டுதல் தந்தது. இது எனக்கு வருத்தமே. இந்த நிலைக்குக் காரணம் நடுவர்கள் மட்டும் இல்லை. தோற்ற தீர்ப்பைப் படித்துப் பார்த்து, "இது சரி, கொடுத்துவிடுவோம்" என்று ஃபைலில் எழுத ஒரு அதிகாரியும் துணிவதில்லை. ஆடிட் கேட்கும், விஜிலன்ஸ் கேட்கும் என்ற பயம். அப்பீல் போ என்று எழுதினால் யாரும் கேட்கமாட்டார்கள். சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழலாம் என்று நம் ஊரில் சொல்வார்கள். ஆபீஸில் அதற்கு நேர்மாறு. தீர்ப்பை எதிர்த்துப் போனாலும் வங்கி உத்தரவாதம் வாங்கிக்கொண்டு தொகையில் 75 சதவீதத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்று மத்திய அரசே 2016இலிருந்து சொல்லிவருகிறது. அந்த ஃபைல் ஒரு நாள் உங்கள் மேசைக்கு வரும். அதன் மறுபக்கத்தில் ஹௌராவிலோ அம்பத்தூரிலோ ஒரு சின்னப் பட்டறை, இந்த மாதச் சம்பளத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கும். தீர்ப்பை முழுவதும் படியுங்கள். சரி என்று பட்டால், காரணத்தை உங்கள் கையால் எழுதி, பணத்தைக் கொடுக்கக் கையெழுத்துப் போடுங்கள்.